ஊரே ஒட்டுக்கேட்ட ஒரு கேள்வி

தன் அண்ணனைப் பார்க்கக் கடல் வழியாகப் புறப்பட்ட ஒரு மனிதரைப் பாதி வழியில் நான் நிறுத்தினேன். காற்று நிறுத்தவில்லை. கடற்கொள்ளையர் நிறுத்தவில்லை. நான்... நான்தான் நிறுத்தினேன்!

தெரியாமல் நடந்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்து, நேரம் பார்த்து, ஆள் பார்த்துச் செய்தேன். அதில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது ஒன்றுதான். சமாதானம் எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்பதற்கு என்னிடம் வேறு உதாரணம் இல்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். படகின் பெயரையும்தான். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும். மற்றபடி எதையும் குறைக்கப்போவதில்லை. என்னை நானே கிண்டல் செய்து தப்பித்துக்கொள்வது என் பழைய வித்தை. இன்று அந்த வித்தை எட்டிப் பார்த்தால் நீங்களே அதன் காதைத் திருகுங்கள்.

ஓமான் நாட்டின் தென்கோடியில் சலாலா. வளைகுடா என்றாலே மணல் என்று நினைப்பவர்களை ஏமாற்றும் ஊர். தென்னை உண்டு, வாழை உண்டு, சாலையோரம் இளநீர் உண்டு. துபாயில், தேராவில் பல வருடங்கள் குப்பை கொட்டிவிட்டு, துறைமுக ஏஜெண்ட் ஒருவரின் அலுவலகத்தில் கிளார்க்காக இங்கே வந்து சேர்ந்தேன். கப்பல்களுக்கு அனுமதி வாங்குவது, டீசலுக்குச் சொல்லிவிடுவது, அதிகாரிகளிடம் பல்லைக் காட்டுவது... இவைதாம் என் டூட்டி.

குளிர்காலம் வந்தால் துறைமுகத்தின் ஒரு மூலையில் சின்னச் சின்னப் பாய்மரப் படகுகள் வந்து நங்கூரம் போடும். படகையே வீடாக்கிக்கொண்டு உலகைச் சுற்றுபவர்களின் படகுகள். மாலத்தீவிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்து, கொஞ்ச நாள் தங்கி, ஏடன் வளைகுடா வழியாகச் செங்கடலுக்குப் போவார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், பெரும்பாலும் அரைக்கால் சட்டைக்காரர்கள்.

உலகம் சுற்றும் மாலுமிகள் என்றதும் நான் பெரிதாக ஏதோ கற்பனை செய்திருந்தேன். அவர்களோ நாளெல்லாம் துணி துவைத்தார்கள்! கப்பற்கயிற்றில் உள்பாவாடை காய்ந்தது. ஒருவர் தளத்தில் உட்கார்ந்து மனைவிக்கு முடி வெட்டினார். இன்னொருவர் கழிவறைக் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு கடவுளைத் திட்டினார். ரப்பர்ப் படகுகளில் டீசல் கேன்களும் தண்ணீர் கேன்களும் வாழைத்தார்களும் போய்க்கொண்டேயிருந்தன. படித்த புத்தகத்தைப் படிக்காத புத்தகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் கன்டெய்னர் இறக்கும் ராட்சச கிரேன்கள் அலறிக்கொண்டிருக்க, சிமெண்டுத் தூசி படிந்த ரொட்டியைத் தட்டிவிட்டுத் தின்றார்கள். எங்கள் ஊர் ஒண்டுக்குடித்தனம்தான். சுவர்கள் மட்டும் மிதந்தன.

அந்தக் குடித்தனத்தின் பொதுக் குழாயடி ரேடியோ.

தினமும் காலையில் எல்லாப் படகுக்காரர்களும் ஒரே சேனலில் கூடுவார்கள். ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட, மற்றவர்கள் 'உள்ளேன் ஐயா' சொல்வார்கள். பிறகு வானிலை, யாருக்கு என்ன உதிரிப்பாகம் வேண்டும், யார் கரைக்குப் போகிறார்கள் என்ற செய்திகள். என் அலுவலக மேசையிலும் ஒரு ரேடியோ இருந்தது. டீசல் லாரி எப்போது வரும் என்று சொல்லவேண்டியது என் வேலை. அதோடு ஒரு ஜோக்கும் சொல்ல ஆரம்பித்தேன். சிரித்தார்கள். மறுநாள் இரண்டு சொன்னேன்...

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் தனியாகப் பேச விரும்பினால் வேறு சேனலுக்கு மாறுவார்கள். உடனே துறைமுகமே சத்தமில்லாமல் அந்தச் சேனலுக்கு மாறி ஒட்டுக்கேட்கும்! எல்லோரும் கேட்பார்கள். எல்லோரும் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'நான் கேட்டேன்' என்று ஒருவரும் வாய்திறக்கக் கூடாது. எழுதாத சட்டம்.

இந்தச் சட்டத்தை வைத்துத்தான் நான் அதைச் செய்தேன்.

இராசண்ணன் வந்த அன்று ரேடியோவில் ஒரு வெள்ளைக்காரர் 'நைலா வேலி' என்ற படகு வருவதாகச் சொன்னார். பார்த்தால் 'நிலாவெளி'! படகின் முதுகில் தமிழில் எழுதியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தளத்தில் வெள்ளைத் தாடியும் சாரம் என்கிற லுங்கியுமாக இராசண்ணன், பக்கத்தில் தொப்பி போட்ட அவர் மனைவி. திருகோணமலைக்காரர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் ஓடி, ஆஸ்திரேலியாவில் கரையேறியவர்கள். வீட்டுக் கொல்லையிலேயே பதினைந்து வருடம் தட்டித் தட்டி அந்தப் படகை அண்ணன் கட்டியிருந்தார்.

"தமிழ் ஆளோ! மலர், இஞ்ச வந்து பாரும், ஏஜெண்ட் தமிழ் ஆள்!" என்று கத்தினார்.

"முதல்ல அவரை ஏறவிடுங்கோ. ஆள் தண்ணிக்க விழப்போகுது" என்றார் மலரக்கா. விழத்தான் இருந்தேன்.

அன்று தொடங்கியது. டூட்டி முடிந்ததும் தினம் நிலாவெளிதான். அக்காவின் இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். கேஸ் அடுப்பு ஆடிக்கொண்டிருக்கும்; சொதி சிந்தாது. அண்ணன் நிறையப் படித்தவர். நானும் கொஞ்சம் படித்தவன் என்று எனக்கு ஓர் எண்ணம். பேசினோம்... பேசினோம். நான் சொன்ன ஜோக்குகளுக்கு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இதன் அருமை உங்களுக்குப் புரியாது. என் ரூமில் என்னோடு ஐந்து பேர். என் ஜோக்குகளை எல்லாம் கேட்டு முடித்தவர்கள். நான் வாயைத் திறந்தால் காதில் இயர்போன் ஏறும். காரைக்காலில் இருக்கும் மனைவியோ போனில், "சாப்பிட்டாச்சா, சரி, மோட்டார் ரிப்பேர்" என்று தந்தி பாஷையில் பேசுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. பதினெட்டு வருடம் தொலைபேசியோடு குடும்பம் நடத்தியவள். ஆனால் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து எத்தனை காலமாகியிருந்தது!

அக்கா ஒரு மாலை, அண்ணன் கரைக்குப் போயிருந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்.

"இவற்ற தமையன் நோர்வேயில இருக்கிறார் தம்பி. ரெண்டு பேரும் சின்னனில திருகோணமலைத் துறைமுகத்தில ஓட்டை வள்ளம் ஒண்டில பாய் கட்டி ஓடித் திரிஞ்சவை. இவர் போட் கட்டத் தொடங்கேக்க அவர் சொன்னவராம், 'நீ ஓட்டிக்கொண்டு வா, நான் துறைமுகத்தில நிண்டு பாக்கிறன்' எண்டு."

"போய்ச் சேர்ந்திடுவீங்க அக்கா."

"சேருவம். ஆனா தமையன்ற கண் மங்கிக்கொண்டு வருது. டாக்குத்தர் இன்னும் ஒரு வருசம் எண்டு சொல்லிப்போட்டார். இந்தச் சீசனில செங்கடல் தாண்டினாத்தான் சரி. இவர் பகிடி விட்டுக்கொண்டு திரியிறார். உள்ளுக்க அந்தரம்."

கேட்டீர்களா? எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அந்த வருடங்களில் ஏடன் வளைகுடாவில் கொள்ளையர் பயம் ஏறிக்கொண்டே போனது. யாரும் தனியாகப் போகத் துணியவில்லை. சலாலாவில் காத்திருந்து, ஒரே வேகமுள்ள படகுகளாகச் சேர்த்து, கூட்டமாகப் போனார்கள். ஒரு படகு நின்றால் கூட்டமே நிற்கவேண்டும். அதனால் இஞ்சின் சரியில்லாத படகைச் சேர்க்கமாட்டார்கள். அந்த முறை கூட்டத்துக்குத் தலைவர் பீட்டர் என்ற டச்சுக்காரர். அண்ணனின் பெயரும் பட்டியலில் இருந்தது. புறப்பாடு அந்த வாரம் என்று முடிவாயிற்று.

நான் நாட்களை எண்ணினேன்.

இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று நினைத்தேன். பின்னால் இன்னொரு கூட்டம் வரும். எப்போதும் வரும். அதோடு போகட்டுமே! இரண்டு வாரத்தில் யாருடைய கண் அவிந்துவிடப்போகிறது... ஆம், இந்த வார்த்தைகளிலேயேதான் நினைத்தேன். மெருகேற்றாமல் எழுதுகிறேன்.

நிலாவெளியின் இஞ்சினில் வந்தபோது ஒரு சின்னக் கோளாறு இருந்தது. இஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர்ப் பம்பு கசிந்தது. வொர்க்‌ஷாப் வர்கீஸ் சரிசெய்துவிட்டார். பிறகு நானே அண்ணனோடு துறைமுகத்துக்குள் ஒரு சுற்று போய்வந்தேன். இஞ்சின் பூனை மாதிரி உறுமியது.

மறுநாள் காலை அண்ணனையும் அக்காவையும் காய்கறி வாங்க ஊருக்குள் அனுப்பினேன். டாக்ஸிக்கு நானே சொல்லிவிட்டேன். ரேடியோ எட்டாத தூரம். காலைக் கூட்டம் முடிந்ததும் வர்கீஸைக் கூப்பிட்டேன். வேறு சேனலுக்கு மாறச் சொன்னேன்.

வர்கீஸும் நானும் எப்போதும் தமிழையும் மலையாளத்தையும் குழைத்துத்தான் பேசிக்கொள்வோம். அன்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

'வர்கீஸ், நிலாவெளியின் அந்தப் பம்பு நடுக்கடலில் மறுபடி போய்விட்டால் அவர்கள் என்ன செய்ய முடியும்?'

கொஞ்சம் கரகரப்பு. "எந்தா சாரே, காலையிலேயே இங்கிலீஷ்?" என்று சிரித்தார். பாவம், அவரும் ஆங்கிலத்துக்கு மாறினார். 'நடுக்கடலிலா? ஒன்றும் செய்ய முடியாது சார். யாராவது கட்டி இழுக்க வேண்டியதுதான்.'

'நன்றி' என்றேன். வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான்! ஒரு கேள்வி. ஓர் உண்மையான பதில். நடுக்கடலில் எந்தப் படகின் பம்பு போனாலும் அதே பதில்தான். ஆனால் நான் பேசியது வர்கீஸிடம் அல்ல... மூச்சுவிடாமல் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அத்தனை படகுகளிடமும்!

மாலையில் கடற்கரையில் மாலுமிகள் கூட்டம். மடக்கு நாற்காலிகள், வறுத்த மீன், வரைபடம். பீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலாவெளியைச் சேர்த்துக்கொள்ளப் பலருக்குத் தயக்கம் என்றார். இஞ்சினைப் பற்றிக் கவலை என்றார்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. இஞ்சின் நன்றாக இருக்கிறதே, யார் சொன்னது என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? 'ஒட்டுக்கேட்டோம்' என்று யார் சொல்வது? ஒருவர் மீன் முள்ளை ஆராய்ந்தார். ஒரு பெண்மணி வானத்தில் மேகம் தேடினார். நான் எதிர்பார்த்தது சரியாக அதைத்தான். மனிதர்களை நன்றாகப் புரிந்துகொண்டவன் என்று என்னைப் பற்றி நான் பெருமைப்பட்டதுண்டு. அன்று அந்தப் பெருமை நிரூபணமாயிற்று...

அண்ணன் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டார். முகம் மலர்ந்தது.

"தம்பி, நீர் சொல்லும் இவைக்கு. நீர் என்னோட வந்து பாத்தனீர்தானே. எஞ்சினுக்கு என்ன குறை?"

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது.' எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டியிருப்பார்கள். வாயில் வந்து நின்றது. தமிழிலும் நின்றது, ஆங்கிலத்திலும் நின்றது.

"எதுக்குண்ணே ரிஸ்க்கு?" என்றேன். "ரெண்டு வாரத்துல அடுத்த கூட்டம் வருது. இன்னொரு தடவ நல்லா செக் பண்ணிட்டே போயிடலாமே."

அவர் வரைபடத்தை மடித்தார். சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"நீர் சொன்னாச் சரி" என்றார்.

பீட்டரின் கூட்டம் புறப்பட்டுப் போனது. ஒரு படகுக்கும் ஒரு கீறல் இல்லாமல் செங்கடல் சேர்ந்தது. சேர்ந்ததும் எனக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

அடுத்த கூட்டம் வரவில்லை.

ஒரு பாய்மரப் படகைக் கொள்ளையர் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்தது. மாலத்தீவில் நின்றவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், சிலர் தெற்கே திரும்பினார்கள். வந்த இரண்டொரு படகுகளும் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன; அந்தச் செலவு அண்ணனுக்குக் கட்டாது. அண்ணன் தினமும் காலையில் ரேடியோவில் தன் பெயரைச் சொன்னார். பதில் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் அண்ணனும் நானும் மட்டுமே இருந்தோம். அவர் வானிலை வாசித்தார். நான் டீசல் லாரி வரும் நேரம் சொன்னேன். ஜோக் சொல்லவில்லை.

அந்த வாரங்களில் எனக்குக் கிடைத்த சொதிக்குக் குறைவில்லை. விரும்பியது கிடைத்தது! விழுங்கத்தான் முடியவில்லை.

காற்று திசை மாறியது. தென்மேற்குப் பருவம் வந்தால் அந்த மூலையில் எந்தச் சின்னப் படகும் நிற்க முடியாது. கிரேன் வைத்து நிலாவெளியைத் தூக்கி, வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இரும்புக் கால்களில் நிறுத்தினோம். தண்ணீரை விட்டு வெளியே வந்த படகைப் பார்த்திருக்கிறீர்களா? குளியலறையிலிருந்து தூக்கிவந்து தெருவில் நிறுத்திய கிழவர் மாதிரி இருக்கும்.

விமான நிலையத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் இல்லாட்டி நாங்கள் இஞ்ச என்ன செய்திருப்பம் தம்பி?" என்றார்.

என்ன செய்திருப்பார்கள்... போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அடுத்த வருடம் நிலைமை இன்னும் மோசம். ஒரு படகும் வரவில்லை. அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு நோர்வேக்கு விமானத்தில் போனார். அதை அக்காதான் போனில் சொன்னார்.

"தமையனுக்கு இப்ப ரெண்டு கண்ணும் தெரியாது தம்பி. இவரைக் கட்டிப் பிடிச்சு முகமெல்லாம் தடவிப் பாத்திட்டு, 'உன்ர போட்டின்ர பாய் என்ன நிறமடா?' எண்டு கேட்டாராம். இவர் அதைச் சொல்லேக்க..."

அக்கா நிறுத்தினார். நான் அப்போதே சொல்லிவிட்டேன். ரேடியோ, ஆங்கிலம், டாக்ஸி, கடற்கரை... ஒன்றுவிடாமல். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதே சரி.

அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஏன் தம்பி?" என்றார்.

"நீங்க போயிட்டா... பேச ஆள் இல்லக்கா."

"கேட்டிருந்தா ரெண்டு கிழமை நிண்டிருப்பமே? ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றேன்.

"சொல்லக் கூடாது." அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "அவர் சலாலாவில எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவர். அந்தப் பயணத்தில அவருக்கு மிஞ்சினது உங்கட சினேகிதம் ஒண்டுதான். அதையும் புடுங்கிப்போடாதேங்கோ. உங்களுக்கு நெஞ்சு லேசாக வேணுமெண்டு அவற்ற தலையில இறக்கப்போறீங்களோ? வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ."

வாக்குக் கொடுத்தேன். பெயர்களை மாற்றியது அதனால்தான். ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா சொல்லவில்லை. அந்தச் சின்ன இடுக்கில் நுழைந்துதான் உங்களிடம் வந்திருக்கிறேன். இடுக்குப் பார்க்கும் புத்தி போகவில்லை, பாருங்கள்!

போன மாதம் அண்ணன் போன் செய்தார். உற்சாகமாக இருந்தார்.

"தம்பி, எனக்கினி ஏலாது. முழங்கால் ரெண்டும் போயிட்டுது. போட்டை உம்மட பேருக்கு எழுதிப்போட்டன். பேப்பர் வரும். கையெழுத்து வைச்சு அனுப்பும்."

"அண்ணே, வேண்டாம்ணே... எனக்கு எதுக்குண்ணே? நீச்சலே தெரியாது."

"சும்மா இரும்! வெயிலுக்கயும் மழைக்கயும் அதைப் பாத்துக்கொண்டவர் நீர். உம்மை விட்டா அதுக்கு ஆர் சொந்தம்?" சிரித்தார். அதே சிரிப்பு.

அக்காவைத் தனியாகக் கேட்டேன். மறுத்துவிடட்டுமா என்றேன்.

"ஏன் மறுக்கிறியள் எண்டு அவர் கேட்டா என்ன சொல்லுவியள்?" என்றார். பிறகு, "வையுங்கோ கையெழுத்தை" என்று போனை வைத்துவிட்டார்.

வைத்தேன்.

விற்கமாட்டேன். இதில் உறுதியாக இருக்கிறேன். யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன், ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டேன். வெள்ளிதோறும் லீவு நாளில் ஏணி போட்டு ஏறி, தூசியைக் கழுவி, துருவைச் சுரண்டி, இஞ்சினை ஓடவிடுகிறேன். இதனால் எதுவும் ஈடாகாது. ஈடாக வேண்டும் என்று செய்யவுமில்லை. படகு படகாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை அது உளுத்துப்போகாது.

பேப்பர் வந்த செய்தி வொர்க்‌ஷாப் முழுக்கப் பரவிவிட்டது. போன வெள்ளி காலை நான் ஏணியில் நின்று வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது வர்கீஸ் கீழே வந்து நின்றார். புதிதாக வேலைக்கு வந்த நான்கைந்து பையன்களிடம் என்னைக் காட்டினார். நல்ல மனுஷனுக்குத் தெய்வம் கொடுக்கும் என்பதற்கு நானே சாட்சி என்றார்.

"சாரே, லாட்டரி அடிச்சல்லோ!" என்று மேலே பார்த்துக் கத்தினார். "இந்த போட் இப்ப சாரோடதல்லே?"

எல்லோரும் என் பதிலுக்காக அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஆமா வர்கீஸ்" என்றேன். "என்னோடதுதான்."